கூலண்ட் குளிர்விப்பதில்லை

"நம் ஊரில் என்ன பனியா கொட்டுகிறது? ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணீர் போதும்" என்பது ஒரு கட்சி. "அதையெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார், நமக்கெதற்கு அந்த வேலை" என்பது மற்றொரு கட்சி. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் வண்டியோட்டிப் பிழைப்பவர். இரண்டாவதைச் சொல்பவர் பெரும்பாலும் என்னைப் போல் முதுகலை படித்துவிட்டுத் தவணையில் கார் வாங்கியவர். இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பன போலத் தோன்றினும் ஒரே அறியாமையின் இரு கிளைகளே என்பது என் வாதம். கார் வைத்திருப்போர், அதிலும் எழுத்தறிவை வைத்தே சோறு உண்போர், தம் வண்டியின் கூலண்டைத் தம் கையாலேயே மாற்றுதல் வேண்டும். இதைச் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. மிச்சமாகும் தொகை ஒரு நல்ல அகராதியின் விலைகூட ஆகாது.

தமிழ் நடத்துகிறவனுக்கு ரேடியேட்டரில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இவ்வட்டத்தில் உண்டு. வேலை இருக்கிறது. சிக்கல் பெயரிலிருந்து தொடங்குகிறது. பெயரோ எங்கள் துறை.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். காரணப் பெயரில் ஓர் ஆபத்து உண்டு. காரணம் பொய்யாக இருந்தால் பெயரை நம்பியவன் கெடுவான். இடுகுறிக்கு அவ்வாபத்து இல்லை. 'மண்' என்ற சொல் மண்ணைப் பற்றி எதையும் வாக்களிப்பதில்லை. இந்தத் திரவத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள் இரண்டு. ஒன்று கூலண்ட், அதாவது குளிர்விப்பது. மற்றொன்று ஆன்டிஃப்ரீஸ், உறைவதைத் தடுப்பது. இரண்டும் காரணப் பெயர்கள். முதற்பெயரின் காரணம் பாதிப் பொய். இரண்டாவதன் காரணம் மெய்தான், ஆனால் நம் ஊருக்குப் பயனற்ற மெய். நாமோ இவற்றைக் கையால் தொட்டுப் பார்க்காமலேயே 'குளிர்வி' என்றும் 'உறைதடுப்பி' என்றும் மொழிபெயர்த்தோம். அயலார் பெயரில் இருந்த பிழைக்கும் பொருத்தமின்மைக்கும் தூய தமிழில் ஒரு பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டோம். உறைதடுப்பி என்று எழுதியிருந்தால் கரூரில் கத்திரி வெயிலில் வண்டி ஓட்டுகிறவர் அதை எதற்காக வாங்குவார்? அவர் கேட்கும் கேள்வி அறிவுடைய கேள்வி. பெயர்தான் அறிவற்றது.

உண்மை என்னவெனில், எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர். தண்ணீரைப் போல வெப்பத்தைச் சுமக்கவல்ல மலிவான திரவம் வேறில்லை. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 ஜூல் ஆற்றல் வேண்டும். நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கலவைக்கு 3.4 போதும். அதாவது கூலண்ட் கலந்ததும் நீரின் சுமக்கும் திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது! பச்சைத் தண்ணீர்க் கட்சியாரின் வலுவான ஆதாரம் இதுவே. அவர்களில் எவரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லையாதலால் அவர்கள் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பொருத்திய மெர்லின் எஞ்சினின் தொடக்க வடிவங்கள் தூய கிளைக்காலில் ஓடியவை. பின்னர் அதைச் செய்தவர்களே 70 பங்கு நீர், 30 பங்கு கிளைக்கால் என்ற கலவைக்கு மாறினார்கள். தண்ணீரின் மேன்மையை அறிந்துதான் மாறினார்கள்.

கொதிநிலையை உயர்த்துகிறதே என்பர். உயர்த்துகிறது, கொஞ்சம். கடல்மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். சரிபாதிக் கலவை ஏறக்குறைய 107-இல். ஆனால் ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்கிவைக்கும் வில்வால்வு அது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. கலவை 129 வரை தாங்கும். ஆகவே மூடி தருவது இருபது டிகிரி, கூலண்ட் தருவது ஏழெட்டு டிகிரி. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஆவி கக்கும் வண்டிக்குக் கூலண்ட் இல்லாதது மட்டும் காரணமாக இராது. ரப்பர் வெடித்துப்போன நூறு இருநூறு ரூபாய் மூடியும் காரணமாக இருக்கலாம். அதை எவரும் பார்ப்பதில்லை.

அப்படியாயின் அந்தத் திரவம் எதற்கு? குப்பியில் கிளைக்காலோடு சிறிதளவு கரைந்திருக்கும் வேறு சில பொருள்களுக்காக. அரிப்பைத் தடுக்கும் உப்புகளும் கரிம அமிலங்களின் உப்புகளும் அவை. எஞ்சினுக்குள் வார்ப்பிரும்போ அலுமினியமோ ஆன உடல், அலுமினியத் தலை, அலுமினியமோ செம்பு-பித்தளையோ ஆன ரேடியேட்டர், ஈயப் பற்றவைப்பு, ரப்பர் ஹோஸ், உருக்கு இறகுகள் கொண்ட வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே நீரில் நனைந்துகொண்டிருக்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் ஒரே உப்புநீரில் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளியில் மின்கலம் செய்து பார்த்த எவரும் அறிவர். எஞ்சின் தானே ஒரு மின்கலமாகித் தன் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். கூலண்டின் முதல் வேலை இதைத் தடுப்பது. இரண்டாவது வேலை வாட்டர் பம்பின் சீலைக் காப்பது. கொதிநிலை மூன்றாவது. உறையாமை, நம் ஊரில், கடைசி. உதகையில் மார்கழி, தையில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அந்த ஓரிரவுக் குளிரில் எஞ்சினுக்குள் இருக்கும் நீர் கட்டியாகி இரும்பைப் பிளந்துவிடாது.

ஆகவே பச்சைத் தண்ணீர்க் கட்சியார் சொல்வதில் கணக்குச் சரி, முடிவு தவறு. அவர்கள் ஊற்றும் தண்ணீர் எது? ஆழ்துளைக் கிணற்று நீர். அதே நீரைச் சுடவைத்த பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு போல் வெள்ளை படிவதைத் தினமும் பார்க்கிறோம். கீசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ரேடியேட்டரின் உட்குழாய்கள் தீக்குச்சியின் தடிமனுக்குமேல் இரா. தொண்ணூறு டிகிரியில் நாள்தோறும் ஓடும் உப்புத் தண்ணீர் அவற்றுக்குள் என்ன செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? பிறகு வண்டி சூடேறுகிறது என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். "நம்ம ஊருக்கு அது எதுக்கு சார்" என்ற அதே வாதம் மறுபடி வந்து நிற்கும். 82 முதல் 90 டிகிரிக்குள் ஏதோ ஓரிடத்தில் திறந்து, எஞ்சினைத் தனக்குரிய வெப்பத்தில் நிறுத்திவைக்கும் கருவி அது. அதைக் கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டை அடையவே நெடுநேரமாகிறது, அடையாமலும் போகலாம். எண்ணெயில் ஈரம் தங்குகிறது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக எண்ணிக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஒரு பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு எத்தனை தண்டனைகள்!

இனி இரண்டாம் கட்சியாரிடம் வருகிறேன். என் சினம் முழுதும் அவர்கள்மேல்தான், என் சகாக்கள் என்பதால்.

வகுப்பறையில் சங்கப் பாடல்களை நடத்தும்போது உலைக்களத்துக் கொல்லனையும் தச்சனையும் கம்மியனையும் நெகிழ்ந்து நெகிழ்ந்து விளக்குகிறோம். துருத்தி ஊதும் உவமை வந்தால் குரல் தழுதழுக்கிறது. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஒரு திருப்புளியைக் கையில் எடுப்பது நம் தகுதிக்குக் குறைவு என்று எண்ணுகிறோம். கைத்தொழில் செய்கிறவனைப் பாட்டில் வைத்துப் போற்றுவதும் பட்டறையில் 'டேய் தம்பி' என்று அழைப்பதும் ஒரே வாய். இதற்குப் பின்னால் இருப்பது நேரமின்மை அன்று. கை அழுக்காவதைப் பிறப்போடும் படிப்போடும் முடிச்சிட்டு வைத்திருக்கும் பழைய நோய்தான். அதற்கு 'நிபுணரிடம் விடுதல்' என்று புதுப்பெயர் சூட்டியிருக்கிறோம்.

நிபுணர் என்ன செய்கிறார் என்று எவரேனும் நின்று பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். ஊர்ப்பெயரும் நிறுவனப்பெயரும் வேண்டா. ஒரு பெரிய சர்வீஸ் நிலையம். ரசீதில் 'கூலண்ட் மாற்றம்' என்று அச்சாகியிருந்தது. நடந்தது, ரிசர்வ் டேங்கில் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை அதன் கோடுவரை ஊற்றியதுதான். எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டருக்குள்ளும் பழையது அப்படியே இருந்தது. அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்று மாலைக்குள் அவர் முடிக்க வேண்டிய வண்டிகள் வரிசையில் நின்றன. எஞ்சின் குளிரும்வரை காத்திருந்து, வடித்து, மூன்றுமுறை கழுவி, காற்றை வெளியேற்றிப் பொறுமையாக நிரப்புவதற்கு அரைநாள் ஆகும். அந்த அரைநாளை எந்த நிலையமும் தன் ஊழியருக்குத் தராது. ஞாயிற்றுக்கிழமை அரைநாள் உடையவர் வண்டியின் சொந்தக்காரர் ஒருவரே. நான் சொல்லும் 'தம் கையால்' என்பதற்குக் காரணம் இதுதான். மெக்கானிக்கைவிட நமக்கு அறிவு மிகுதி என்பதன்று, நமக்கு அவகாசம் மிகுதி.

மேலும், படிக்கத் தெரிந்தவர் செய்தால் மட்டுமே தவிர்க்கக்கூடிய ஒரு மூடநம்பிக்கை உண்டு. அது நிறம். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம் என்று ஊற்றுகிறார்கள். நிறம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்தச் சேர்மம் என்று உலகம் முழுமைக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. வேறுபாடு உள்ளே இருக்கிறது. சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகளைக் கொண்ட பழைய வகை இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும். கரிம அமில வகை ஐந்தாண்டுகள்வரை தாங்கும். இரண்டையும் கலந்த வகைகளும் உண்டு. ஐரோப்பியர் தங்கள் நாட்டுக் கடினநீரில் பாஸ்பேட் சேர்ந்தால் வெண்கசடு இறங்கும் என்பதால் அதை ஒதுக்கினர். ஜப்பானியர் சிலிக்கேட் வாட்டர் பம்பின் சீலைத் தேய்க்கும் என்று கருதி அதை ஒதுக்கிப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டனர். நாம் என்ன செய்கிறோம்? ஜப்பானிய வழியில் செய்த பாஸ்பேட் கூலண்டை வாங்கி, அதில் நம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலக்கிறோம். எந்த நாட்டவரும் தவிர்க்க நினைத்ததையே தேடிப்போய்ச் செய்கிறோம்! குப்பியின் முன்பக்கத்து நிறத்தைப் பார்ப்பதை விட்டுப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தைப் படியுங்கள். ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234 போன்ற தரக்குறிகள் அங்கே இருக்கும். எந்த வகை என்பதும் நேரடியாக ஊற்றத்தக்கதா, நீர் சேர்க்க வேண்டிய செறிவா என்பதும் அங்கேதான் இருக்கும். வண்டியின் கையேட்டோடு அது பொருந்த வேண்டும். ஓலைச்சுவடியில் புள்ளியில்லா எழுத்தையே பிரித்துப் படித்த மரபில் வந்த நமக்கு இது அரிதா என்ன?

வேலையைச் சொல்கிறேன். முதல்நாள் இரவு நிறுத்திய வண்டியை விடியலில் தொடங்குங்கள். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திருகினால் அழுத்தம் விடுபட்டு உள்ளிருக்கும் நீர் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பாயும். மேற்கொண்டு நான் சொல்லும் எதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வாய் அகன்ற ஒரு பேசினில் பழையதைப் பிடியுங்கள். சில வண்டிகளில் திருகு இராது. கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்ற வேண்டும். வடிந்தது எவ்வளவு என்று அளந்து வையுங்கள். இதைத்தான் எவரும் செய்வதில்லை. ஆயின் இந்த அளவில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய கூலண்டின் நிறத்தையும் உற்றுப் பாருங்கள். செங்காவி நிறமானால் இரும்பு துருப்பிடிக்கிறது. பால்கலந்த காபிபோல் இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போது கூலண்ட் மாற்றுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

பின்னர் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, காருக்குள் ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பிவைத்து, ரேடியேட்டர் விசிறி சுற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, ஆறவிட்டு வடியுங்கள். வடிவது நிறமற்ற நீராகும்வரை இவ்வாறு இரண்டு மூன்றுமுறை. ஆர்.ஓ. தண்ணீர் போதாதா என்பர். அதில் உப்பு குறைவே தவிர இல்லாமற் போவதில்லை. டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும்போது அது எதற்கு?

இங்கேதான் கணக்கு. எடுத்துக்காட்டாக, உங்கள் வண்டியின் முழுக் கொள்ளளவு 5 லிட்டர் என்று கையேடு சொல்கிறது. வடித்தால் 3 லிட்டர்தான் வருகிறது. மீதி 2 லிட்டர் எஞ்சினின் உட்சந்துகளில் தங்கிவிடும். கழுவி முடித்தபின் அந்த 2 லிட்டரும் வெறும் தண்ணீர். இப்போது கடையில் வாங்கிய 'நேரடியாக ஊற்றத்தக்க' சரிபாதிக் கலவையை 3 லிட்டர் ஊற்றினால் உள்ளே இருக்கும் கூலண்ட் ஒன்றரை லிட்டர்தான். ஐந்தில் ஒன்றரை, அதாவது 30 விழுக்காடு. பாதி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அரிப்புத் தடுப்பும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். சரிபாதி வேண்டுமெனில் செறிவான கூலண்ட் இரண்டரை லிட்டர் ஊற்றி, மிஞ்சிய அரை லிட்டர் இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்ப வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்குதான். பட்டறைகளில் இது தவறுவது அறிவில்லாமையால் அன்று. வடிந்ததை அளக்க நேரமில்லாமையால்.

ஊற்றும்போது அவசரம் கூடாது. வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். ஏர் லாக் என்று பட்டறையில் சொல்வது அதைத்தான். காற்றுக்குமிழ் நிற்கும் இடத்தில் திரவம் படாது. அங்கே உலோகம் தனியே காயும். மெல்ல ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிவிட்டால் குமிழ்கள் புரண்டு வரும். சில எஞ்சின்களில் காற்றை வெளியேற்றவென்றே ஒரு சிறு திருகு உண்டு. மூடியைப் போட்டு, விசிறி இருமுறை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு, ஆறியபின் ரிசர்வ் டேங்கில் இரு கோடுகளுக்கு நடுவே நிற்குமாறு நிரப்புங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள்கள் காலையில் கோட்டைப் பார்த்துவிட்டு வண்டி எடுங்கள். சிந்தியதைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள். முடிந்தது.

சென்ற ஆண்டுவரை ஒழுங்காக ஓடிய கூலண்டை ஏன் மாற்ற வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். கிளைக்கால் கெடும். சூட்டிலும் காற்றிலும் அது மெல்ல மெல்ல ஆக்சிகரணமடைந்து கிளைக்காலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் முதலியனவாக மாறும். அரைத்த மாவு நாள்பட்டால் புளிப்பது போலத்தான். அதுவரை அமிலத்தைச் சமன்செய்துகொண்டிருந்த உப்புகள் தீர்ந்துபோன நாளிலிருந்து, காக்க வந்த திரவமே அரிக்கத் தொடங்கும். பார்வைக்கு அது அதே பச்சையாகவே இருக்கும்.

சுவீடன், ஜெர்மனி, இங்கிலாந்து போன்ற நாடுகளில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் உண்டு. அவற்றுக்குப் பெயர் கேரவன். (நம் ஊரில் அச்சொல் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் பேருந்தைக் குறிக்கும் என்பதை அவர்கள் அறிந்தால் வியப்பார்கள்.) அவற்றுள் சிலவற்றில், சுவீடனின் ஆல்டே நிறுவனம் செய்வது போன்ற வெந்நீர்ச் சூடாக்கிகள் இருக்கின்றன. நீரும் கிளைக்காலும் கலந்த இதே திரவம் சுவரோரக் குழாய்களில் சுற்றி வந்து அறையைச் சூடாக்குகிறது. இங்கே எஞ்சினிலிருந்து வெப்பத்தை வெளியே கொண்டுபோவது அங்கே வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. அதை இன்னமும் 'குளிர்வி' என்றுதான் சொல்வோமா? வகைக்கேற்ப இரண்டு ஆண்டுக்கொருமுறையோ ஐந்து ஆண்டுக்கொருமுறையோ அதை மாற்ற வேண்டும். சின்னஞ்சிறு பம்ப் ஒன்றை வைத்துக்கொண்டு தாமே மாற்றிக்கொள்ளும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற எழுத்தர்களும் அங்கே இருக்கிறார்கள். எவரும் அதனால் தம் மதிப்புக் குறைந்ததாக எண்ணுவதில்லை.

'வாரண்டி போய்விடும்' என்ற பூச்சாண்டி உண்டு. வாரண்டிக் காலத்தில் நிலையத்திலேயே செய்துகொள்ளுங்கள், ஆனால் அருகில் நின்று, எவ்வளவு வடிந்தது என்று கேளுங்கள். அதன்பின்னும் கையேட்டை மறைத்துவைத்துக்கொண்டு 'எங்களிடம்தான் வர வேண்டும்' என்பது வணிகத் தந்திரம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குத் தராமல் தடுத்தமைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீடுகளில் என்னவாயிற்று என்பது வேறு கதை. குற்றம் இன்னதென்று எழுத்தில் பதிவாயிற்று. 2022-இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கோர் இணையதளமும் திறந்தது. கார்களும் அதில் அடக்கம். உரிமை வந்துகொண்டிருக்கிறது, அதைப் பயன்படுத்துவோர்தான் வேண்டும். அதற்குரிய கையேடுகள் தமிழிலும் வேண்டும் என்று கேட்பதற்கு நம்மைவிடத் தகுதியானவர் யார்? மொழிக்காக நாம் எழுதும் கண்டனங்களில் ஒன்றேனும் இதைக் கேட்டிருக்கிறதா? என் வண்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பட்டறையில் அதை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார்கள், படிக்க இயலாமையால்.

எல்லா வண்டிக்கும் இதைச் சொல்லவில்லை. மின்சார வண்டிகளிலும் ஹைபிரிட் வண்டிகளிலும் மின்கலத்தையும் இன்வெர்ட்டரையும் சுற்றியோடும் திரவம் வேறு. மின்சாரத்தைக் கடத்தாமை அதற்கு முதன்மையான பண்பாக இருக்கலாம். பக்கத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கிறது. அங்கே கை வைக்காதீர்கள். காற்றை வெற்றிடக் கருவியால் உறிஞ்சித்தான் நிரப்ப வேண்டும் என்று கையேடு சொல்லும் வண்டிகளையும் விட்டுவிடுங்கள். கையேட்டைப் படித்தபின் விட்டுவிடுவது வேறு. படிக்காமலே விட்டுவிடுவது வேறு.

வடித்தெடுத்த பழைய திரவத்தைப் பற்றி உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நூறு மில்லி லிட்டர் அளவே வளர்ந்த ஒருவரைக் கொல்லப் போதுமானது. குழந்தைக்கு அதினும் மிகக் குறைவு. உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் கூரிய படிகங்களாக இறங்குகிறது. தெருநாயும் பூனையும் இனிப்பென்று நக்கிவிட்டுப் போய்ச் சாகும். இதன் நெருங்கிய உறவான டைஎத்திலீன் கிளைக்கால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் கலந்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றதை நாம் அறிவோம். பட்டறைகளில் இதைக் கால்வாயில் ஊற்றுகிறார்கள். படித்தவர் வீட்டு வாசலில் செய்தால் தென்னை மரத்தடியில் ஊற்றுவார். இரண்டும் ஒன்றே. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது இவ்விரண்டினும் கொடியது. அதன் நிறத்தைப் பார்த்து எந்தக் குழந்தையும் குடிக்கும்.

புதிய கூலண்ட் வந்த அதே கேனில் பழையதை ஊற்றி, இறுக மூடி, 'நஞ்சு' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். கழுவிய முதல் நீரும் இதில் சேர்ந்ததே. பழைய எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடாதீர்கள். கழிவு எண்ணெயை முறையாக வாங்கிச் செல்வோரிடம் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. அப்படி ஒன்றை விசாரித்து வைத்துக்கொண்டு, இதையும் தனியே பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டு உறுதி செய்தபின்பே வடிகால் திருகில் கை வைக்க வேண்டும். எங்கள் நகராட்சியின் குப்பை வண்டியில் மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டியும் மக்காத குப்பைக்கு ஒரு தொட்டியும் இருக்கின்றன. இதற்கு இல்லை. இதைப் பற்றி ஆணையருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதியிருக்கிறேன். கையெழுத்திட விரும்பும் உள்ளூர் நண்பர்கள் தெரிவிக்கலாம்.